மெம்ஃபிஸ் தொழிலாளர்களின் பாக்கி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு இழப்பீடு என்று பேச்சு வந்தாலே, அடிமை முறை ஒழிந்து இவ்வளவு காலத்துக்கு அப்புறம் எதற்கு என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் மெம்ஃபிஸ் நகரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்காகக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் அதன் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். அதைத் தொடர்ந்து சக துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பாதிரியார் ஜேம்ஸ் லாசன் போன்றவர்கள் தேவாலயங்களில் கூட்டம் போட்டு, ஊர் மக்களைத் திரட்டி, நகர மையத்துக் கடைகளில் யாரும் எதுவும் வாங்காமல் செய்தார்கள். ஆதரவு தர வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான், ஏப்ரல் 16 அன்று, மாநகராட்சி அந்தத் தொழிலாளர்களின் சங்கத்தை அங்கீகரித்தது, கூலியையும் உயர்த்தியது.

சரி, அதோடு கணக்கு தீர்ந்ததா? மாநகராட்சி ஓய்வூதியம் அவர்களுக்கு இல்லை, சிலர் எண்பது வயதைத் தாண்டியும் வேலைக்குப் போனார்கள். 2017இல்தான், உயிரோடிருந்த 14 பேருக்கு ஆளுக்கு 50,000 டாலர் தருவதாக மாநகராட்சி அறிவித்தது, பிறகு தொகையைக் கூட்டியது. மற்றவர்கள் காத்திருந்தே போய்ச் சேர்ந்துவிட்டார்களே, அவர்கள் உழைப்புக்கு யார் பதில் சொல்வது? இழப்பீட்டை ஆராய ஒரு குழு அமைக்கச் சொல்லும் மசோதா 1989இலேயே அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதைக்கூட நிறைவேற்றாமல் இழுத்தடிப்பது அநியாயம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்