கைகுலுக்கும் மூட்டை

திருவாரூர்

அன்புள்ள சுந்தரம்,

நலம். நலமறிய ஆவல். குறுவை அறுவடை முடியட்டும் என்று இருந்ததில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நெல் வீடு வந்து சேர்ந்தது, மூட்டுவலிதான் போகவில்லை. பேத்தி பிறந்த சேதி படித்து மனசு நிறைந்தது. பெயர் என்ன வைத்தீர்கள்?

நம் பள்ளிக்கூடத்தில் மதியம் போட்ட கோதுமை ரவை உப்புமா ஞாபகம் இருக்கிறதா? மூட்டையில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்குமே! அப்படி அமெரிக்கத் தானியம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரப் பாடுபட்ட ஒருவரைப் பற்றித்தான் ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜார்ஜ் மெக்கவர்ன். அமெரிக்க அரசியல்வாதி. ஊர் தெற்கு டகோடா, விவசாயத்தை நம்பிய அமெரிக்க மாநிலம். 1922இல் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர்.

சின்ன வயதில் அப்பாவோடு ஒரு விவசாயி வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த மனிதர் பின்வாசல் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம். கையில் காசோலை. அந்த வருஷத்துப் பன்றிகள் அத்தனையும் விற்று வந்த பணம், அவற்றைச் சந்தைக்கு ஏற்றிப்போன வண்டிக் கூலிக்கே கட்டவில்லை. படித்துவிட்டு என் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானி, 35 முறை பறந்தவர். ஒருநாள் விமானத்திலேயே சிக்கிக்கொண்ட குண்டை ஆஸ்திரியாவுக்கு மேலே கழற்றிவிட, அது ஒரு பண்ணை வீட்டின்மேல் போய் விழுந்தது. உச்சி வேளை. பண்ணைகளுக்கு நடுவே வளர்ந்தவருக்கு, அந்த நேரம் எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியும். நாற்பது வருஷம் அந்தப் பாரம் இறங்கவில்லை. 1985இல் ஆஸ்திரியத் தொலைக்காட்சியில் அதைச் சொன்னார். அது தன் வீடுதான் என்று ஒரு விவசாயி கூப்பிட்டுச் சொன்னாராம். விமானம் வருவதைப் பார்த்துக் குடும்பத்தோடு பள்ளத்தில் பதுங்கிவிட்டார்களாம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

போருக்கப்புறம் வரலாற்றுப் பேராசிரியர். குடியரசுக் கட்சியின் கோட்டையான அந்த மாநிலத்தில் ஊர் ஊராக அலைந்து ஜனநாயகக் கட்சியை வளர்த்து, 1956இல் பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்தார். 1960இல் மேல்சபையான செனட்டுக்கு நின்று தோற்றபோது, புது அதிபர் கென்னடி அவரை 'அமைதிக்கான உணவு' திட்டத்துக்குப் பொறுப்பாக்கினார். அங்கே கிடங்கில் தேங்கிய தானியத்தை வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் தட்டுக்குக் கொண்டுபோவதில் அவர் காட்டிய முனைப்பு பெரிது. உபரியைத் தள்ளிவிடத்தான் அந்தத் திட்டம் என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனாலும் பசித்த பிள்ளை சாப்பிட்டதல்லவா!

1962இல் வெறும் 597 வாக்கு வித்தியாசத்தில் செனட்டர். 1972 அதிபர் தேர்தலில் நிக்சனிடம் படுதோல்வி, சொந்த மாநிலமே கைவிட்டது. ஆனால் பசியை அவர் கைவிடவில்லை. எதிர்க்கட்சியைச் சேர்ந்த கான்சாஸ் மாநில செனட்டர் பாப் டோலோடு சேர்ந்து உணவு உதவிச் சட்டங்களுக்காகப் பாடுபட்டார். பின்னாளில் பள்ளி உணவுத் திட்டம் ஒன்றுக்கே இருவர் பெயரையும் வைத்தார்கள். 2008இல் உலக உணவுப் பரிசும் இருவருக்கும் சேர்ந்தே கிடைத்தது. 2012இல், 90 வயதில் காலமானார்.

அந்த மூட்டைத் துணியில் உன் அம்மா உனக்கு ஒரு புத்தகப் பை தைத்துக் கொடுத்தார்களே, பரணில் எங்காவது கிடக்கிறதா பார். பொங்கலுக்கு வரும்போது எனக்குக் காட்டு.

அன்புடன்,
ராமு