பெரியம்மாவிடம் பொய் சொல்லாதவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிடுகிறார், ராத்திரி தூங்குகிறார். போனில் விசாரித்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்த மடல். அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "ஸ்ரீரங்கம்னு போட்டுக்கோ, என் பேரைப் போடாதே" என்றார்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தபால் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், தனியாகத்தான் இருக்கிறார். காது சில வருஷமாகவே மந்தம். போன வருஷக் கடைசியில், மாடியில் குடியிருப்பவர்கள் பாத்ரூம் குழாய் வழியாக விஷவாயு விடுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். தண்ணீர் போகிற ஓட்டையில் பழைய புடவையைக் கிழித்து அடைத்தார், ஜன்னல் இடுக்கெல்லாம் பிரவுன் டேப் ஒட்டினார். அப்புறம் தண்ணீரிலும் ஏதோ கலக்கிறார்கள் என்று குடிப்பதைக் குறைத்தார், பிரஷர் மாத்திரையை விட்டார், கடைசியில் சாப்பாடும் நின்றுபோனது. ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்றால் "எனக்கென்ன வியாதி, மேல இருக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போ" என்பார்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். குணசீலம் கோயிலுக்குப் போகிறோம் என்று காரில் ஏற்றி நேராக ஆஸ்பத்திரியில் இறக்கிவிடு என்றார் ஒருவர். காபியில் மாத்திரையைக் கலந்து கொடு என்றார் இன்னொருவர். நல்ல மனசோடு சொன்னவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீரில் எதையோ கலக்கிறார்கள் என்று பயந்து பட்டினி கிடக்கிறவருக்குக் காபியில் மாத்திரை கலந்து கொடுப்பதா? அது ஒருநாள் தெரிந்துவிட்டால் அவருக்கு நம்புவதற்கு யார் மிச்சம் இருப்பார்கள்? என்ன ஆனாலும் அவரிடம் பொய் சொல்வதில்லை என்று அம்மாவும் நானும் முடிவெடுத்தோம். அதை நிறைவேற்றிக் கொடுத்தவர்களுக்குத்தான் இந்த நன்றி.

முதலில் 14416-ல் பேசிய பெண்ணுக்கு. அது டெலி மானஸ் எண், அரசாங்கத்தின் மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். நான் அழைத்தது நடுராத்திரி. அவர் அவசரப்படுத்தாமல் கேட்டுவிட்டு, இந்த வயதில் புதிதாக இப்படி வந்தால் மனநோய் என்று உடனே முடிவு கட்டக்கூடாது, சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, தைராய்டு, மறதி நோய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், அதற்கு வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள் என்றார். சாப்பிடாமல் உடம்பு கெடுகிற நிலையில் அவர் சம்மதிக்காவிட்டாலும் சேர்க்க 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தில் வழி உண்டு என்பதை முதன்முதலில் அவர்தான் சொன்னார். (அதற்கு முன்னால் கேட்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் "நீங்களே கட்டிக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அதைப் பற்றி இவ்வளவு போதும்.)

வீட்டுக்கு வந்த பெண் காவலருக்கு. அவர் திண்ணையில் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, காதருகே குனிந்து, "அம்மா, உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன், ஸ்டேஷனுக்கு இல்ல. நீங்க சாப்பிடாம இருக்கிறதுதான் காரணம்" என்று மறைக்காமல் சொன்னார். மனநிலை சரியில்லாதவரை லாக்கப்பில் வைக்கக்கூடாது, எதற்காக அழைத்துப்போகிறோம் என்று சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் பெரியம்மா கத்தி முடிக்கும்வரை காத்திருந்ததும், பீரோ சாவியை அவர் கையிலேயே கொடுத்துப் பூட்டச் சொன்னதும் எந்தச் சட்டத்திலும் இல்லை. 108 ஆம்புலன்ஸ் தம்பிகளுக்கும் நன்றி. கைகால் எதையும் கட்டாமல் உட்கார வைத்தே கூட்டிப்போனார்கள்.

ஆஸ்பத்திரி என்றதும் அம்மா பயந்தது ஏர்வாடியை நினைத்து. 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓடமுடியாமல் செத்துப்போனார்கள், மொத்தம் 28 பேர். அந்தச் செய்தி அம்மா மனசை விட்டுப் போகவே இல்லை. அம்மாவை வார்டுக்குள் அழைத்துப்போய், கட்டில், ஜன்னல், கதவு எல்லாவற்றையும் காட்டி, சங்கிலி என்பதே சட்டப்படி கூடாது என்று சொன்ன மூத்த செவிலியருக்குக் கோடி நன்றி.

சேர்ப்பதற்கு முன் இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பெரியம்மாவைப் பார்த்தார்கள். தனக்காகக் கையெழுத்துப் போட அவர் யாரையும் பிரதிநிதியாக எழுதி வைக்கவில்லை என்பதால் உறவினர் என்ற முறையில் விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது. பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இது அதிகபட்சம் 30 நாளுக்குத்தான், வாரத்துக்கு ஒருமுறை அவரால் தானே முடிவெடுக்க முடிகிறதா என்று பார்ப்போம், முடிந்தால் அன்றைக்கே அவர் சம்மதம்தான் கணக்கு, பெண் நோயாளி என்பதால் மூன்று நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு (இப்படிச் சேர்த்தது சரியா என்று பார்க்கிற அமைப்பு) தெரிவித்துவிடுவோம், அவர் ஆட்சேபித்து மனு கொடுக்கலாம், இலவச வக்கீலும் கேட்கலாம் என்றார். இத்தனையையும் என்னிடம் சொன்னதோடு நிறுத்தாமல் பெரியம்மாவிடமும் போய்ச் சொன்னார். தனக்கு எதிராக என்ன நடக்கிறது, அதை எதிர்க்க என்ன வழி என்று அவருக்கே சொல்லிக்கொடுத்த டாக்டரை எப்படி மறப்பது!

வார்டில் ஒரு இளம் செவிலியர். பெரியம்மாவுக்குக் காது கேட்கவில்லை என்பதை முதல் நாளே கவனித்தது அந்தப் பெண்தான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்து, "இரத்தம் எடுக்கணும். உப்பு எவ்வளவு இருக்குன்னு பார்க்க. சரியா?" என்று பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, "வேண்டாம்" என்று அடியில் எழுதினார். செவிலியர் சரி என்று போய்விட்டார். கொஞ்சநேரம் கழித்து வந்து அதே பக்கத்தில் "இப்போ?" என்று எழுதினார். மூன்றாவது "இப்போ?"வுக்குப் பெரியம்மா எதுவும் எழுதாமல் கையை நீட்டினார். மாத்திரையையும் உறையோடு கொண்டுவந்து, பெயரைப் படிக்க வைத்து, அவர் கண்முன்னால்தான் பிரிப்பார். அந்த நோட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ரத்தத்தில் சோடியம் குறைவாக இருந்தது, அதை மெதுவாகச் சரிசெய்தார்கள். ஸ்கேன், தைராய்டு எல்லாம் பார்த்தபிறகு, அறுபதுக்கு மேல் வருகிற ஒருவகை மனச்சிதைவு, காது மந்தமானவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது என்றார்கள். வயதானவர் விழுந்துவிடக்கூடாது என்று மிகக் குறைந்த அளவில்தான் மருந்தை ஆரம்பித்தார்கள். காது டாக்டரையும் வரவழைத்து மெஷினுக்கு எழுதிக்கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில் முசிறி அம்மா, தன் மகளைப் பார்த்துக்கொள்வதற்கு நடுவிலும் நான் வீட்டுக்குக் குளிக்கப் போன நேரமெல்லாம் பெரியம்மாவுக்குத் துணை இருந்தார். ஆபீசில் லீவு கேட்டபோது காரணம் கேட்காத மேனேஜருக்கும் நன்றி.

மாடி வீட்டுக் குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மாதக்கணக்கில் ராத்திரியில் வாசலில் நின்று வசவு வாங்கியவர்கள். ஒருமுறைகூட போலீசில் புகார் கொடுக்கவில்லை, வீட்டுக்காரரிடம் போகவில்லை. பெரியம்மா கண்ணில் பட்டால் அவருக்குக் கஷ்டம் என்று ஆம்புலன்ஸ் வந்த நேரத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். அவர் திரும்பி வருவதற்குள் அடைத்த ஓட்டையைச் சுத்தம் செய்து, டேப்பை உரித்துவிடலாமா என்று கேட்டார்கள். பெரியம்மாவைக் கேட்டேன், "நானே உரிச்சுக்கிறேன்" என்றார். அப்படியே விட்டுவிட்டார்கள்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். "இப்ப அவங்க வாயு விடுறதில்ல, நிறுத்திட்டாங்க" என்கிறார். நாங்கள் வாதாடுவதில்லை. மாத்திரை போடுகிறார், ஓபிக்கு வருகிறார். அடுத்தமுறை இப்படி வந்தால் எந்த ஆஸ்பத்திரி, யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அவரே பேனாவை எடுத்துவிட்டார். என் பேரைத்தான் எழுதியிருக்கிறார்.

இந்த மடலைப் படித்துக் காட்டியபோது, தன் பங்குக்கு இதையும் சேர்க்கச் சொன்னார்: "நோட்டில எழுதிக் காட்டின பொண்ணுக்கும், சாவியை என் கையில கொடுத்த பொண்ணுக்கும் ரொம்ப நன்றி. வேண்டாம்னு சொல்லியும் கூட்டிட்டுப் போனதுல எனக்கு இன்னும் கோபம் இருக்கு, அதையும் எழுது."

எழுதிவிட்டேன், பெரியம்மா.