சேசிஸ் மாற்றத்தால் சிறிய கார் மலைவண்டி ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வேகன்ஆர் போன்ற சிறிய கார்களின் பாடியைத் தூக்கி, எஞ்சின் நான்கு சக்கரங்களையும் சுழற்றும் நான்கு சக்கர இயக்கம் கொண்ட மாருதி ஜிப்ஸியின் சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் பொருத்திவிடலாம் என்ற யோசனை மலைப்பகுதிகளில் கார் வைத்திருப்போரிடையே பரவி வருகிறது. நீலகிரியில் மோட்டார் பட்டறை நடத்தும் எனக்கு இந்த யோசனை கவலை தருகிறது. அதன் பின்னால் இருக்கும் தேவை உண்மையானது என்பதை அறிந்திருப்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வடகிழக்குப் பருவமழையில் தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து வீடு வரை செம்மண் பாதையில் ஏற வேண்டியவர்களுக்கு முன்சக்கர இயக்கம் போதாது. ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்பக்கம் சாயும்போது முன்சக்கரங்களின் பிடி குறைகிறது. இழுக்க வேண்டிய சக்கரங்களே சேற்றில் சுழலத் தொடங்குகின்றன. 1985-இல் வந்த ஜிப்ஸி 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனையிலிருந்து விலகியது. அதே வகையில் 2023-இல் வந்த மாருதியின் ஜிம்னி நல்ல வண்டிதான் என்றாலும், காய்கறி பயிரிடும் சிறு விவசாயியோ தோட்டத்துக் கணக்குப்பிள்ளையோ எளிதில் வாங்கக்கூடிய விலையில் அது இல்லை. கையில் இருப்பதோ ஒரு பழைய வேகன்ஆர். அதை எப்படியாவது நான்கு சக்கரத்திலும் இழுக்க வைக்க முடியாதா என்று ஒருவர் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

அளவு நாடாவை வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஆசை மேலும் கூடும். இந்தியாவில் முதலில் வந்த வேகன்ஆரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 2360 மில்லிமீட்டர். ஜிப்ஸியின் பிற்கால வடிவமான ஜிப்ஸி கிங்கில் அந்தத் தூரம் 2375 மில்லிமீட்டர். வித்தியாசம் 15 மில்லிமீட்டர்தான். இந்த ஒற்றுமையைக் கண்டு, பாடியும் சேசிஸும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும் என்று முடிவு செய்வதில்தான் தவறு தொடங்குகிறது.

ஜிப்ஸி ஏணி வடிவச் சட்டத்தின் மேல் கட்டப்பட்ட வண்டி. பாடியைக் கழற்றி எடுத்தாலும் அதன் சேசிஸ் தனியாகவே ஓடும். வேகன்ஆருக்கு அப்படித் தனிச் சேசிஸ் எதுவும் கிடையாது. தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டு சில், தூண்கள், கூரை, எஞ்சின் அறைக்கும் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தடுப்பு ஆகிய எல்லாம் சேர்ந்தே அதன் பாரத்தைத் தாங்குகின்றன. வேகன்ஆரில் எஞ்சின் குறுக்கே அமர்ந்து முன்சக்கரங்களை நேராக இயக்குகிறது. ஜிப்ஸியிலோ எஞ்சின் நீளவாக்கில் இருக்கிறது. அதன் கியர்பாக்ஸும், விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பின்னாலுள்ள டிரான்ஸ்ஃபர் கேஸும், அந்த விசையைக் கொண்டு முன்னும் பின்னும் செல்லும் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்டுகளும் உட்காரத் தடுப்பையும் தரைத்தகட்டின் நடுப்பகுதியையும் வெட்டியாக வேண்டும். சுவரே பாரம் தாங்கும் வீட்டில் அடிச்சுவரை இடித்துவிட்டு, அந்த வீட்டைத் தூக்கி வேறொரு அடித்தளத்தில் வைப்பதற்கு இது நிகராகும். வெட்டிய இடத்தில் எவ்வளவு கனமான தகட்டை வைத்து வெல்டிங் செய்தாலும், தொழிற்சாலை கணக்கிட்டு வைத்த வலிமை அப்படியே திரும்பிவிட்டது என்று எந்தப் பட்டறையும் உறுதி சொல்ல முடியாது.

இருக்கை பெல்ட்டின் கீழ்ப்பிடிகளும் இருக்கைகளின் தண்டவாளங்களும் அந்தத் தரைத்தகட்டோடு பிணைந்தவை. மோதலின்போது மடங்கிச் சக்தியை உறிஞ்ச வேண்டிய முன்பகுதிக்குக் கீழே மடங்காத இரும்புச் சட்டம் வந்துவிட்டால், அந்த அதிர்ச்சி உள்ளே இருப்பவர்களைச் சென்றடையும் விதமே மாறிவிடும். ஏர்பேக் உள்ள பிற்கால வண்டிகளில், அது விரிய வேண்டிய கணம் முந்தைய பாடிக்காகவே கணக்கிடப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, ஏற்கெனவே உயரமான வேகன்ஆரைச் சட்டத்தின் மேல் ஏற்றினால் அதன் எடைமையம் மேலும் உயரும். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இதைவிட மோசமான மாற்றம் வேறு இருக்க முடியாது.

வளைவுகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிதாக நான்கு சக்கர இயக்கத்துக்கு வருபவர்களிடம் இதை யாரும் விளக்குவதில்லை. வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள்கின்றன. ஜிப்ஸியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடும் டிஃபரன்ஷியல் என்ற கியர் அமைப்பு இல்லாததால், நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டபடி காய்ந்த தார்ச்சாலையில் கூர்மையாகத் திரும்பினால் ஷாஃப்டுகளும் கியர்களும் முறுக்கேறி ஸ்டியரிங் இறுகும். சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அந்த முறுக்கைத் தளர்த்திவிடும். தாரில் அதற்கு வழியில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில் நான்கு சக்கர இயக்கத்துக்கான லீவரை இழுத்துவிட்டுப் பாதுகாப்பு கூடிவிட்டதாக எண்ணுபவர், உண்மையில் கட்டுப்பாட்டை இழக்கும் நிலைக்கு அருகில் செல்கிறார். பிரேக் தூரத்தையும் நான்கு சக்கர இயக்கம் குறைப்பதில்லை. இறக்கத்தில் வண்டியை நிறுத்த எல்லாக் கார்களுக்கும் இருப்பது அதே நான்கு டயர்கள்தான்.

சட்டத்தைப் பொறுத்தவரை குழப்பமே இல்லை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இரண்டு வண்டிகளை ஒன்றாக்கும்போது சேசிஸ் எண் ஒரு வண்டியுடையது, பாடி இன்னொன்றுடையது என்றாகிவிடும். அத்தகைய வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுக்காகக் காப்பீட்டு நிறுவனத்தின் முன் நிற்கும் குடும்பம் எதைக் காட்டும் என்பதை மாற்றம் செய்ய விரும்புபவர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இருந்தும் பட்டறைத் தொழிலாளியின் அறிவை ஒதுக்கிவிட்டு இந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டியதில்லை என்பதற்கு ஜப்பானில் நடந்த ஒன்று சான்றாக இருக்கிறது. அந்நாட்டின் பனி மிகுந்த வடகிழக்குப் பகுதியில், குளிர்காலத்தில் மின்தடங்களைப் பராமரிக்கச் செல்லும் தொழிலாளர்களுக்கு ஜீப்பைவிட வசதியான வண்டி வேண்டும் என்று தோஹோகு மின்நிறுவனம் விரும்பியது. மியாகி மாநிலத்திலிருந்த சுபாரு விற்பனையாளரின் பட்டறை, முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய சுபாரு வேகனை எடுத்து, அதன் பாடியை அப்படியே வைத்துக்கொண்டு, நிசான் புளூபேர்டின் பின் டிஃபரன்ஷியலைச் சேர்த்து நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றியது. அந்த வண்டியின் எஞ்சினும் கியர்பாக்ஸும் நீளவாக்கில் அமைந்திருந்ததால், பின்பக்கம் ஒரு ஷாஃப்டைக் கொண்டுசெல்ல வழி இருந்தது. பட்டறை அத்துடன் நிற்கவில்லை. வேலை உற்பத்தியாளரின் கைக்குச் சென்றது. அவர்கள் செய்த வண்டி 1971 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1972-இல் சுபாருவின் லியோன் எஸ்டேட் வேன் நான்கு சக்கர இயக்கத்துடன் விற்பனைக்கு வந்தது.

குறுக்கே அமர்ந்த எஞ்சினிலும் இது முடியாத வேலை அல்ல. 1983-இல் ஃபியட், ஆஸ்திரியாவின் ஸ்டெயர்-புக் நிறுவனத்தின் உதவியுடன் சிறிய பாண்டா காரை நான்கு சக்கர இயக்கத்தில் கொண்டுவந்தது. வேகன்ஆரே ஜப்பானில் நான்கு சக்கர இயக்கத்துடன் விற்கப்படுகிறது. நம் நாட்டில் 2017-இல் வந்த மாருதியின் சிறிய காரான இக்னிஸ் முன்சக்கர இயக்கத்தில் மட்டுமே கிடைத்தது. அதே கார் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் நான்கு சக்கர இயக்கத்தில் விற்பனையானது. ஆக, குறைபாடு பொறியியலில் இல்லை. மலைவாழ் மக்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் என்பதால் சந்தை அவர்களைக் கண்டுகொள்ளவில்லை என்பது என் கருத்து.

சட்டமும் முற்றிலும் கதவடைத்துவிடவில்லை. எரிவாயுவுக்கோ மின்கலத்துக்கோ மாற்றும் உபகரணத் தொகுப்புகளை, உரிய சோதனையில் தேறியிருந்தால் பொருத்திக்கொள்ள 52-ஆவது பிரிவே இடமளிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைக்கவும் அனுமதி உண்டு. பாடியை வெட்டாமல், குறிப்பிட்ட மாடலுக்கென்று வடிவமைத்து, சோதித்து, அங்கீகரித்த நான்கு சக்கர இயக்கத் தொகுப்புக்கும் இதே வழியை ஒன்றிய போக்குவரத்து அமைச்சகம் திறக்க வேண்டும். வாகனச் சோதனைக்கான ஆய்வு மையம் ஒரகடத்தில் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கோவையின் லேத் பட்டறைகளிலும் கியர் செய்யும் ஆலைகளிலும் இருக்கும் திறமைக்கு இப்படிப்பட்ட தொகுப்பைச் செய்வது எட்டாத வேலை அன்று. தமிழக அரசின் போக்குவரத்துத் துறை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு பகுதி மக்களின் தேவையைக் கேட்டறிந்து, இதற்கான பரிந்துரையை டெல்லிக்கு அனுப்புமாறு உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை, இந்த வேலைக்காகக் காருடன் வருபவர்களிடம், முதலில் தேய்ந்த டயர்களை மாற்றி, மழைக்காலத்தில் வீட்டுப் பாதையின் கடைசி ஏற்றத்துக்குச் சரளைக்கல் போடுமாறும், அதுவும் போதாதென்றால் பதிவுச் சான்று நடப்பில் உள்ள பழைய ஜிப்ஸியை முழுதாக வாங்கிக்கொள்ளுமாறும் சொல்லி வருகிறேன். இரண்டு வண்டிகளை வெட்டி ஒன்றாக்கும் செலவில் பெரும்பகுதி அதற்கே போதும்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கோத்தகிரி