தலைக்கணக்கு

அன்புள்ள மாணிக்கம்,

நலம், நலமறிய ஆவல். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மருமகள் சோற்றை அளந்துதான் போடுகிறாள், வேறு வழியில்லை.

உன் பேரன் பள்ளியில் டைட்டானிக் பற்றிப் பேசப் போகிறான், ஏதாவது எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கப் போய்க்கொண்டிருந்தவனை நிபுணனாகவே ஆக்கிவிட்டாய்! பனிப்பாறை, அந்த இரவின் குளிர் எல்லாம் அவனே போனில் தேடிக்கொள்வான். படகுக் கணக்கை மட்டும் விடாமல் சொல்லச் சொல். 1912இல் அந்தக் கப்பலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 2,200 பேர். உயிர்காப்புப் படகுகளில் இடமோ 1,178 பேருக்குத்தான். அதுவே அன்றைய சட்டம் கேட்டதைவிட அதிகம். எத்தனை படகு வேண்டும் என்பதைக் கப்பலின் டன்னை வைத்து முடிவு செய்தார்களே தவிர, ஆட்களை எண்ணி அல்ல. இருந்த இடமாவது நிரம்பியதா என்றால் அதுவும் இல்லை. 65 பேர் ஏறக்கூடிய முதல் படகு பாதிக்கும் குறைவான ஆட்களோடு இறங்கியது. சுமார் 1,500 பேர் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் எல்லோருக்கும் படகு என்று விதி வந்தது. நல்லதுதான். ஆனால் 1915இல் சிகாகோவில் ஈஸ்ட்லேண்ட் என்ற உல்லாசப் பயணக் கப்பலில் கூடுதல் படகுகளை மேல்தளத்தில் ஏற்றினார்கள். ஏற்கெனவே தலைகனத்து ஆடுகிற கப்பல் அது. ஆற்றங்கரையில் கயிறு அவிழ்ப்பதற்குள்ளேயே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. செத்தவர்கள் 844 பேர். கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

டைட்டானிக்கில் இறந்தவர்கள் யார் யார் என்று பெரும்பாலும் தெரியும். டோனியா பாஸ் என்ற பெயரை உன் பேரன் கேள்விப்பட்டிருக்கவே மாட்டான். பிலிப்பீன்ஸ் கப்பல். 1987 டிசம்பர் 20, கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும் கூட்டம். பயணிகள் பட்டியலில் சுமார் 1,500 பேர். எண்ணெய்க் கப்பல் ஒன்றோடு மோதி, கொட்டிய எண்ணெயில் கடலே தீப்பற்றி எரிந்தது. இரண்டு கப்பலிலும் சேர்த்துப் பிழைத்தவர்கள் 26 பேர். செத்தவர்கள் நாலாயிரத்துக்கும் மேல் என்பது பின்னால்தான் தெரியவந்தது. தேடி வந்த சொந்தக்காரர்கள் சொன்ன பல பெயர்கள் பட்டியலிலேயே இல்லை. செனகலின் ஜூலா கப்பலும் இதே கதைதான். 580 பேருக்கான கப்பலில் 1,900 பேர் வரை ஏறினார்கள், 2002இல் கவிழ்ந்தது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குத் தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு ஓடிய நம் ரஜூலாதான் ஞாபகத்துக்கு வருகிறது. 1926இல் கட்டிய கப்பல், ஆரம்பத்தில் ஐயாயிரம் தளப் பயணிகளுக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்ததாம். அப்பா அதில்தான் வந்தார். மேல்தளத்தில் பாயை விரித்து, கயிறு கட்டிய தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் அதுதான் இடம். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது என்பார். இங்கே இறங்கினதும் நேரே செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்புத் தனிமை முகாம். அந்தப் பாய்க்கூட்டத்தில் ஒரு நடுராத்திரித் தீ பிடித்திருந்தால்? நல்லகாலம், போர்க்காலத்தையும் தாண்டி 1973 வரை ஓடிவிட்டது. பின்னால் வந்த சிதம்பரம் கப்பலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1985இல் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள், அதோடு நம் கப்பல் வழியே மூடிக்கொண்டது.

ஜப்பானியரிடம் சிங்கப்பூர் விழுகிற நேரத்தில் இங்கிருந்து தப்பிய கப்பல்களின் கதை இன்னும் மோசம். வைனர் புரூக் 1942 பிப்ரவரி 12 அன்று 65 ஆஸ்திரேலியத் தாதியரோடும் பல குடும்பங்களோடும் கிளம்பி, இரண்டே நாளில் பங்கா நீரிணையில் குண்டுவீச்சில் மூழ்கியது. கரையேறிய தாதியரில் 22 பேரை ஜப்பானியச் சிப்பாய்கள் கடலுக்குள் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து சுட்டார்கள். அவர்களில் விவியன் புல்விங்கல் மட்டும் செத்தவள் போல் மிதந்து பிழைத்தார். 1946இல் தோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் சாட்சியும் சொன்னார். தாதியர் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. கூட ஏறிய குடும்பங்களுக்கு முழுப் பட்டியல் ஏது?

பையன் பிழைத்தவர்கள் கதையும் சொல்லட்டும். 1991இல் தென்னாப்பிரிக்கக் கரையோரம் ஓசியானோஸ் மூழ்கியபோது, பயணிகள் இருக்கும்போதே கேப்டன் ஹெலிகாப்டர் ஏறிவிட்டார். கப்பலில் கிதார் வாசித்த மோஸ் ஹில்ஸும் சக கலைஞர்களும்தான் ரேடியோவில் உதவி கேட்டு, ஆட்களை வரிசையாக ஏற்றிவிட்டார்கள். இருந்த 571 பேரும் உயிரோடு வந்தார்கள். பிள்ளைகள் இதற்குத்தான் கைதட்டுவார்கள் பார்.

அப்புறம், உங்கள் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு மறுபடி கப்பல் விட்டிருக்கிறார்களே, ஏறிப் பார்த்தாயா? நல்லூர்த் திருவிழாவுக்குப் போகலாம் என்றால் சொல், நானும் வருகிறேன். ஜன்னல் ஓரம் உனக்கு, உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது என்று விசாரிக்கும் வேலை எனக்கு.

அன்புடன்,
கதிரேசன்
தோ பாயோ, சிங்கப்பூர்