பாறைப் பாடத்துக்கு ஜல்லிக் குவியல் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் பாறைகளை மூன்று வகையாகப் படிக்கிறார்கள்: தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பெயர்களை மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதிவிடுகிறார்கள். பள்ளி வாசற்படிக் கல்லைக் காட்டி இது எந்த வகை என்று கேட்டால்தான் திணறுகிறார்கள். விற்பனைக்கு வரும் மாதிரிப் பெட்டிகளாலும் பெரிய பயனில்லை. அங்குல அளவில் வழவழப்பாகத் தேய்த்த கற்கள், மேலே ஒட்டிய எண். பிள்ளை கல்லைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. கீறிப் பார்க்கவும் யாரும் விடுவதில்லை. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே!

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் கிடைக்கும் ஒன்றரை அங்குல ஜல்லி இதைவிட நல்ல பாடப்பொருள். காரணம் எளிது: அது கிரஷரில் புதிதாக உடைந்தது. வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் மேல்தோல் பழுப்பேறி இளகியிருக்கும். அதை ஆணியால் கீறினால் எளிதில் கீறல் விழும். உள்ளே கடினமான கல் இருக்க, மென்மையான பாறை என்று பிள்ளை எழுதிவிடும். பாறைப் பாடத்தில் நடக்கும் தவறுகளில் பல இந்தத் தோலால் வருபவையே. கல்லை உடைத்தே ஆகவேண்டும் என்றால் சாக்கில் சுற்றி, கண்ணாடி அணிந்து, ஆசிரியர்தான் உடைக்க வேண்டும்.

முதல் வேலை கண்ணுக்கு. ஜல்லியைக் கழுவி, ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பார்க்கட்டும். துகள்கள் ஒன்றுக்குள் ஒன்று பல் பிடித்ததுபோல் இடைவெளியின்றிக் கோத்திருந்தால் அது தீப்பாறையாகவோ உருமாறிய பாறையாகவோ இருக்கும். உருண்ட மணல்மணிகளைப் பசையிட்டு ஒட்டியதுபோல் இருந்து, தேய்த்தால் விரலில் மணல் ஒட்டினால் படிவுப்பாறை. அம்மியும் ஆட்டுக்கல்லும் ஏன் மணற்கல்லில் செய்யப்படுவதில்லை என்ற கேள்வியை இங்கே கேட்கலாம். மாவில் மணல் விழும். சுண்ணாம்புக் கல்லில் செய்தாலோ, அரைக்கிற புளியே அதைக் கரைத்துவிடும்.

அடுத்தது கடினத்தன்மை. நகம் 2.5, செம்புக் கம்பி ஏறக்குறைய 3, இரும்பாணி ஏறக்குறைய 5.5 என்பவை ஜெர்மன் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்த அளவுகோலில் அமையும் எண்கள். ஜல்லியில் காணும் கனிமங்களில் குவார்ட்ஸ் 7, பெல்ஸ்பார் 6. இரண்டையும் ஆணியால் கீற முடியாது. ஆனால் ஆணியை அழுத்தித் தேய்த்தால் குவார்ட்ஸின் மேல் பளிச்சென்று ஒரு கோடு விழும். அது ஆணியிலிருந்து தேய்ந்து ஒட்டிய இரும்பு. ஈர விரலால் துடைத்து, நகத்தால் தடவி, பள்ளம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். இன்னொன்று: கடின எண் கனிமத்துக்கு உரியது, பாறைக்கு அல்ல. ஒரே ஜல்லியில் கறுப்பு மைக்கா கீறப்படும், பக்கத்திலுள்ள குவார்ட்ஸ் கீறப்படாது.

அமிலச் சோதனைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிள்ளைகள் கையில் வேண்டாம். வினிகரோ எலுமிச்சைச் சாறோ நான்கு சொட்டு போதும். வேகம் குறைவு என்பதால் கல்லை முதலில் ஆணியால் கீறி, உதிர்ந்த பொடியின்மேல் விட்டு, லென்ஸால் குமிழியைப் பார்க்க வேண்டும். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல், கிளிஞ்சல், முட்டையோடு மூன்றும் நுரைக்கும். பழைய காரைச் சுவரின் பெயர்ந்த துண்டும் நுரைக்கும்; ஆகவே கட்டட இடிபாட்டிலிருந்து வந்த கல்லைச் சுண்ணாம்புப் பாறை என்று முடிவுகட்டும் முன் எங்கே எடுத்தது என்று கேட்க வேண்டும். ஆங்கிலேயர் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயரிட்ட சேலத்துக் குன்றுகளின் வெள்ளைக் கல்லை வினிகரில் போட்டால் ஒன்றும் நடக்காது. அது சாக்குமில்லை, சுண்ணாம்புமில்லை, மேக்னசைட் என்னும் வேறு கனிமம். கடைக் கோலப்பொடியையும் இப்படிச் சோதிக்கலாம். நுரைத்தால் அதில் சுண்ணாம்புச் சத்துள்ள கல் அரைபட்டிருக்கிறது. நுரைக்காவிட்டால் குவார்ட்ஸோ அரிசிமாவோ வேறேதோ.

அடர்த்தியை அளக்கச் சமையலறை எலக்ட்ரானிக் தராசு போதும். கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முக்கால் பங்கு நீர் உள்ள மக்கைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் தொங்கவிடுங்கள். இப்போது காட்டும் கிராம் எண்தான் கல்லின் கன சென்டிமீட்டர் அளவு. 270 கிராம் கல்லுக்கு 100 காட்டினால் அடர்த்தி 2.7. கல் அடியைத் தொட்டால் எண் எகிறிவிடும், அடர்த்தி குறைவாக வரும்; கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழியும் அதே தவறைச் செய்யும். ஒரு கிராம் துல்லியமுள்ள தராசுக்கு ஜல்லி சிறிது; 250 கிராமுக்குக் குறையாத கல் வேண்டும். செம்புறாங்கல் நீரை உறிஞ்சும், அதை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்புக் கல்லின் அடர்த்தி 3-ஐத் தாண்டும்; அது காந்தத்தையும் இழுக்கும். கிரானைட்டையும் சென்னைப் பக்கத்துப் பாறையான சார்னகைட்டையும் மட்டும் இந்த எண்ணால் பிரிக்க முடியாது, இரண்டும் நெருங்கியே வரும்.

சார்னகைட்டைப் பற்றிச் சென்னைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருக்கும் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து 1893-இல் அந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருப்பது அதுதான். வயது சுமார் 250 கோடி ஆண்டு. குவார்ட்ஸ் நீலச் சாயலாகவும், பெல்ஸ்பார் எண்ணெய் பூசியதுபோல் பச்சை கலந்த சாம்பலாகவும் தெரிந்தால் இந்தக் கல்லாக இருக்கலாம். ஹாலந்து இதைத் தீப்பாறை என்றே கருதினார். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியதே இதில் பெரும்பகுதி என்பது பின்னர் தெளிந்தது. தீக்குழம்பிலிருந்து நேரே உறைந்த சார்னகைட்டும் உண்டு. மூன்று பெட்டிக்குள் எல்லாக் கல்லும் அடங்காது என்பதை வகுப்பில் சொல்ல ஏன் தயங்க வேண்டும்? கடையில் ‘பிளாக் கிரானைட்’ என்று விற்பதும் பெரும்பாலும் கிரானைட் இல்லை, டோலரைட் போன்ற வேறு தீப்பாறை.

தீக்குழம்பு மெல்ல ஆறினால் பெரிய படிகம், சட்டென்று ஆறினால் சிறிய படிகம் என்பதைப் படிகாரம் காட்டும். 100 மில்லி வெந்நீரில் பொடித்த படிகாரம் 30 கிராமை முழுதும் கரைத்து, துணியில் வடிகட்டி, இரண்டு கண்ணாடித் தம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றுங்கள். ஒன்றை ஐஸ் நீரில் வைத்துக் கலக்குங்கள். சர்க்கரைபோல் பொடியாக இறங்கும். மற்றதைத் துணி சுற்றி அசையாமல் விட்டால் மறுநாள் தட்டையான முகங்களுள்ள படிகங்கள் இருக்கும். கரையாத தூள் மிஞ்சினால் ஒவ்வொரு தூளும் ஒரு விதையாகி இரண்டிலும் பொடியே வரும். இது கரைசல்தான், தீக்குழம்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் உள்ள கல்மரங்களுக்கும் (கல்லாக மாறிய பழங்கால மரங்கள்) பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூர்க் கல்மரத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகலாம், ஆனால் அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. அவை பாதுகாக்கப்பட்ட இடங்கள்.

கல்வித் துறையிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே. பாறைப் பாடத்தில் குறைந்தது ஒரு வினாவாவது இப்படி இருக்கட்டும்: ஒரு கல்லின் எடை 260 கிராம், நீரில் தொங்கவிட்டபோது தராசு 100 காட்டியது, ஆணியால் கீறினால் பள்ளம் விழுந்தது, எலுமிச்சைச் சாறு பட்ட பொடி நுரைத்தது, இது என்ன கல்லாக இருக்கலாம், உறுதிசெய்ய இன்னும் எதைப் பார்ப்பாய்?

இப்படிக்கு,
நிலவியல் ஆசிரியர்கள் சிலர்,
சேலம்