சுகர் மாத்திரை கொண்டு வர்ற அக்காகிட்ட நாலு கேள்வியும் குடுத்து விடுங்க

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நடத்துறவங்களுக்கும் வணக்கம்.

திட்டுறதுக்காக இந்த மடல் எழுதல, அதை முதல்லயே சொல்லிடுறேன். 2021 ஆகஸ்ட்ல இந்தத் திட்டம் ஆரம்பிச்சப்போ வீட்டுக்கே வந்து பிரஷர் பாப்பாங்களாம், நடக்குற காரியமான்னு எங்க தெருவுலயே நக்கலடிச்சாங்க, இப்ப அந்த அக்கா வர லேட்டானா ஏன் இன்னும் காணோம்னு அதே ஆளுங்கதான் கேக்குறாங்க. அந்த தைரியத்துலதான் இன்னொரு வேலையையும் உங்க தலையில கட்டப் பாக்குறேன். அறுபது வயசு தாண்டினவங்களுக்கு ஞாபகத்தையும் வீட்டு வாசல்லயே செக் பண்ணுங்க.

என் மாமியாருக்கு அல்சைமர், அதாவது ஞாபகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா அழிக்கிற மூளை வியாதி. சுகர் மாத்திரை ஒழுங்கா வீட்டுக்கு வந்துட்டு இருந்துச்சு, அட்டை அட்டையா காலியாகிட்டும் இருந்துச்சு, ஆனா சுகர் மட்டும் இறங்கவே இல்ல, டோஸை ஏத்தினாங்க, அப்பவும் இறங்கல. பொங்கலுக்கு அரிசி ட்ரம்மைக் கழுவலாம்னு கவுத்துனா அடியில அத்தனை மாத்திரையும் கிடக்குது, பழைய ரவிக்கைத் துணியில சின்னச் சின்ன முடிச்சா போட்டு வச்சிருக்காங்க. என்னத்தே இதுன்னு கேட்டா "பெரியவனுக்கு பீஸ் கட்டணும், எடுத்துராத"ங்கறாங்க. பெரியவனுக்கு இப்ப அவன் புள்ளைக்கே பீஸ் கட்டுற வயசு. இதுல பயங்கரம் என்னன்னா, அந்த ஏத்தின டோஸை நாங்க பக்கத்துல நின்னு ஒழுங்கா முழுங்க வச்சிருந்தா லோ சுகர் ஆகி விழுந்திருப்பாங்க.

இதுக்கு முன்னாடியே ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். வயசாயிடுச்சுல்லம்மா அப்படித்தான் இருக்கும்னு சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டார். இந்த ஒரு டயலாக்தாங்க நாட்டுல பாதி பேரை லேட்டாக்குது. அல்சைமர்ங்கற டாக்டர் 1901ல ஜெர்மனியில பிராங்க்பர்ட்ல பாத்த அந்த முதல் பேஷண்ட் அகுஸ்தே டேட்டருக்கு வயசு 51 தான். அந்தம்மா 1906ல இறந்தப்புறம் மூளையை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தா, செல்லுக்கு வெளியில அமிலாய்டுங்கற புரோட்டீன் திட்டுத் திட்டா படிஞ்சிருக்கு, செல்லுக்கு உள்ள இன்னொரு புரோட்டீன் நூல் சிக்கல் மாதிரி முறுக்கிக் கிடக்கு, அதைத்தான் இப்ப டாவ்ன்னு சொல்றாங்க. இது வயசு பண்ற வேலை இல்ல, வியாதி. அறிகுறி வெளிய தெரியறதுக்குப் பத்து இருபது வருஷம் முன்னாடியே உள்ள ஆரம்பிச்சிடுது. 2023ல வந்த ஆய்வுல இந்தியாவுல 60 வயசுக்கு மேல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா (ஞாபகமும் புத்தியும் மங்கிப்போற நிலை, அல்சைமர்தான் இதுக்கு முக்கியக் காரணம்) இருக்கும்னு கணக்கு, அதுலயும் டவுனை விட கிராமத்துல, ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு ஜாஸ்தி. அவங்க வீட்டுக்கெல்லாம் நேரா போற ஆளு உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.

அதே சமயம் மறக்குற எல்லாருக்கும் அல்சைமர் இல்ல. வைட்டமின் பி12 கம்மியா இருந்தாலும் தைராய்டு கம்மியா இருந்தாலும் மறக்கும், மனச்சோர்வுல மறக்கும், பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மூளையைச் சுத்தி ரத்தம் கட்டியிருந்தாலும் குழப்பம் வரும், இதெல்லாம் வைத்தியம் பாத்தா சரியாகக்கூடியது. நேத்து நல்லா இருந்தவங்க இன்னைக்கு திடீர்னு உளறுனா யூரின் இன்பெக்‌ஷனா கூட இருக்கலாம். அரிப்புக்கும் சளிக்கும் மெடிக்கல்ல வாங்கிப் போடுற அவில் மாதிரி மாத்திரை கூட வயசானவங்களை குழப்பிவிடும். அதனால பி12, தைராய்டு ரெண்டு டெஸ்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே எடுக்கற மாதிரி பண்ணுங்க.

கேள்வி என்ன கேக்கறதுங்கறதுதான் முக்கியம். வழக்கமான ஞாபக டெஸ்ட்ல வர்ற மாதிரி நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுச் சொல்லு, ஒரு வாக்கியம் எழுதுன்னு பள்ளிக்கூடமே போகாத ஆத்தாகிட்ட கேட்டா பாஸா பெயிலா ஒண்ணும் தெரியாது. ஹரியானாவுல பல்லப்கர்ல 1990கள்லயே எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குன்னு தனியா ஒரு ஹிந்தி டெஸ்ட் தயார் பண்ணிட்டாங்க. நம்ம ஊருக்கு நம்ம கேள்வி வேணும். ரேஷன் கடையில மீதிக் காசு சரியா எண்ணி வாங்குறாங்களா, சீட்டுப் பணம் எந்த மாசம் கட்டுனோம்னு தெரியுதா, வழக்கமா போற கோயிலுக்குப் போயிட்டு திரும்ப வழி தெரியுதா, சொன்னதையே அரை மணி நேரத்துல திரும்பத் திரும்பக் கேக்குறாங்களா. பெரியவங்களை மட்டும் கேட்டா எல்லாம் சரியா இருக்கேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவாங்க (என் மாமியார் வர்றவங்களுக்கு காபி போட்டுக் குடுத்துட்டே சொல்வாங்க), கூட இருக்கறவங்களையும் தனியா கேக்கணும்.

அடுத்து மாத்திரை. அல்சைமருக்குக் குடுக்குற டோனெபெசில் 1996லேர்ந்து இருக்கு, நோயை நிறுத்தாது, கொஞ்சம் பேருக்கு கொஞ்ச நாள் தாங்கிப் பிடிக்கும், அவ்ளோதான், அதை அப்படியே சொல்லிக் குடுங்க. வயித்துப்போக்கு வரலாம், நாடித்துடிப்பு குறையலாம், சிலருக்கு யூரின் அடக்க முடியாம போகும், உடனே அதுக்குன்னு ஆக்ஸிபியூடினின் எழுதுவாங்க, அது டோனெபெசிலுக்கு நேர் எதிரா வேலை செய்யும், ஒரு மாத்திரையை இன்னொரு மாத்திரை கேன்சல் பண்ணிட்டு இருக்கும். இதைவிட கவலை, ராத்திரி கத்துறாங்க, சாயங்காலம் அஞ்சு மணியானா வீட்டுக்குப் போறேன்னு கிளம்புறாங்கன்னு சொன்னதும் மனநோய்க்குக் குடுக்குற மருந்தை எழுதறது. டிமென்ஷியா உள்ள வயசானவங்களுக்கு அதால உயிர் ஆபத்து கூடுதுன்னு அமெரிக்காவுல 2005லயே எச்சரிக்கை போட்டாச்சு. வேற வழியே இல்லாதப்போ, குறைஞ்ச டோஸ்ல, கொஞ்ச நாளைக்குன்னு குடுக்கறது வேற, மாசக்கணக்குல அப்படியே ரிப்பீட் பண்ணிட்டே போறது வேற.

அல்சைமருக்கு வந்திருக்கற லெகானெமாப்னு புது ஊசி பத்தி வாட்ஸ்அப்ல அற்புதம்னு சுத்துது, அதை வாங்கிக் குடுங்கன்னு நான் கேக்கல. ஒன்றரை வருஷம் போட்டுப் பாத்ததுல நோய் எவ்ளோ முத்தியிருக்குன்னு அளக்குற 18 பாயிண்ட் ஸ்கேல்ல, ஊசி போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் 0.45 பாயிண்ட்தான் வித்தியாசம், அதுவும் ஆரம்ப நிலையில இருக்கறவங்களுக்கு மட்டும், சிலருக்கு மூளையில வீக்கம், ரத்தக் கசிவு வரும்னு அடிக்கடி எம்ஆர்ஐ வேற எடுக்கணும். அமெரிக்காவுல மருந்துக்கு மட்டும் வருஷத்துக்கு 26,500 டாலர் விலை வச்சாங்க. அந்தக் காசுல எத்தனை காது மிஷின் வாங்கலாம்! கிண்டலுக்குச் சொல்லலங்க. 2024ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட நிபுணர் குழு டிமென்ஷியாவுக்குச் சொன்ன, சரி பண்ணக்கூடிய 14 காரணங்கள்ல காது கேக்காம போறது பெரிய காரணம், பிரஷரும் சுகரும் கொலஸ்ட்ராலும் கண்பார்வையும் கூட அதுல இருக்கு, 14ஐயும் சரி பண்ணா கிட்டத்தட்ட 45 சதவீதம் டிமென்ஷியாவை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும்ங்கறாங்க. பாதி வேலை நீங்க ஏற்கனவே செஞ்சுட்டுதான் இருக்கீங்க.

பாத்துக்கறவங்களுக்குன்னு கேக்க ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஒன்றியத்துக்கு ஒரு பகல் நேர இல்லம், காலையில விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டு வர்ற மாதிரி. என்னை மாதிரி ஆளுங்க பேங்குக்குப் போறதுக்கே வீட்டைப் பூட்டிட்டு ஓட வேண்டியிருக்கு.

செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம் வரும். பேரணி, பேனர், மனிதச் சங்கிலி எதுவும் வேணாங்க, அந்தக் காசுக்கு ஏதாவது ஒரு ஒன்றியத்துல அக்காக்களுக்கு இந்தக் கேள்விகளை ட்ரெயினிங் குடுத்து, பி12 டெஸ்டுக்கு கிட் வாங்கிப் போட்டு ஆரம்பிச்சுப் பாருங்க.

இப்படிக்கு,
அல்சைமர் உள்ள வீட்டு மருமகள்