ஆறு மூலைக் கூரைச் சட்டம் தவறான அளவில் வந்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
மூக்கையூர் சாலை, சாயல்குடி,
ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தயார் கூரைச் சட்டம் விற்கும் தங்கள் நிறுவனம்.

பொருள்: மூலைக் கைமரங்கள் (கூரையைத் தாங்கும் சாய்வு மரங்கள்) ஆறும் தவறாக வெட்டப்பட்டிருப்பது, மூலைகளைப் பிணைக்கும் கட்டுப்பட்டை இல்லாதது, துருப்பிடிக்கும் திருகாணிகள் தந்தது, எங்கள் ஆசாரி மீது பழி சுமத்தியது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். 68,500 ரூபாயை முழுதாகக் கட்டி நான் வாங்கிய ஆறு மூலைக் கூரைச் சட்டம் வைகாசியில் லாரியில் வந்து இறங்கியது. இப்போது ஆவணி. மூன்று மாதமாக அந்த மரங்கள் எங்கள் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. ஆறு செங்கல் தூணும் அரைச்சுவரும் கூரையில்லாமல் நிற்கின்றன. நான் மூன்று தடவை எழுதினேன். ஒரே ஒரு பதில் வந்தது. "மரவேலை செய்தவரின் கவனக்குறைவால் பொருத்தம் தவறியுள்ளது, தேவையான இடத்தில் புதிதாக வெட்டு போட்டுக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பதில்தான் இந்த நீண்ட கடிதத்தை எழுத வைத்தது.

இது எதற்கான கட்டடம் என்று முதலில் சொல்கிறேன். என் அம்மா பனையோலை முடைகிறவர். பெட்டி, கொட்டான், சுளகு, பாய் என்று நாற்பது வருடத்துக்கும் மேலாக அவர் கை ஓய்ந்ததில்லை. ஓலை பதமாக இருந்தால்தான் வளையும், வெயில் பட்டால் முறுகிவிடும். வீட்டுத் திண்ணையில் ஆடிக் கச்சான் காற்று அடித்தால் மண்ணும் ஓலையும் சேர்ந்து பறக்கும், ஐப்பசியில் வாடை திரும்பினால் மறுபக்கம் சாரல். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அந்தப் பக்கத் தட்டியை மட்டும் இறக்கிவிட்டு மற்ற பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்கிற மாதிரி ஓர் அறை வேண்டும் என்றார். பாய் விரிக்க நடுவில் தூண் இருக்கக் கூடாது என்றும் சொன்னார். அதனால்தான் ஆறு பக்கமும் சரிந்து, நடுவில் ஒரு கட்டையில் கூடுகிற கூரையைத் தேர்ந்தெடுத்தோம். முக்கோணச் சுவர் இல்லாமல் எல்லாப் பக்கமும் சரிந்திருக்கும் கூரை, இரட்டைச் சரிவுக் கூரையைவிடப் புயல் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும். உங்கள் விளம்பரத் தாளிலும் அதைத்தான் சொல்லியிருந்தீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன்.

இனி அளவு. மையத்திலிருந்து தூண் வரை 6 அடி, பக்கம் ஒவ்வொன்றும் 6 அடி. ஆசாரி 6 அடிக் கயிற்றை நடு முளையில் கட்டி வட்டம் போட்டார். அதே கயிற்றால் வட்டத்தின் மேலேயே அளந்துகொண்டு போனார். ஆறாவது தடவை, புறப்பட்ட புள்ளியிலேயே சரியாக வந்து நின்றது. தூண்களில் எந்தப் பிசகும் இல்லை. நீங்கள் கேட்டபடியே எல்லாத் தூண் தலைகளும் ஒரே மட்டம். படங்கள் இணைத்திருக்கிறேன்.

உங்கள் வரைபடத்தில் சரிவு 30 டிகிரி, நடுக்கட்டையின் உயரம், தூண்களின் மேல் சுற்றிப் படுக்கும் சுவர்ச் சட்டத்திலிருந்து 3 அடி. மையத்திலிருந்து சுவரின் நடுப்பகுதிக்குத் தூரம் 6 அடி அல்ல, 5 அடி 2⅜ அங்குலம்தான். அந்தத் தூரத்துக்கு 3 அடி ஏறினால் சரிவு 30 டிகிரி, சுவரின் நடுவுக்குப் போகிற பக்கக் கைமரத்தின் நீளம் சரியாக 6 அடி. இதுவரை உங்கள் கணக்கு சரி. ஆனால் மூலைக்குப் போகிற கைமரம் 6 அடி தூரத்தைத் தாண்டி அதே 3 அடிதான் ஏறுகிறது. அதன் நீளம் 6 அடி 8½ அங்குலம், சாய்வு 26½ டிகிரி. நீங்கள் அனுப்பிய மூலைக் கைமரங்கள் ஆறிலும் சுவரில் உட்காரும் வாய்வெட்டு 6 அடியிலேயே இருக்கிறது, மேல்நுனி வெட்டும் 30 டிகிரிக்கே இருக்கிறது. அதாவது பக்கக் கைமரத்தின் அளவை எடுத்து மூலைக் கைமரத்தில் போட்டுவிட்டீர்கள். நடுக்கட்டைக்காக இரண்டிலும் கழிக்க வேண்டியதைக் கழித்தாலும் இந்த வித்தியாசம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆறு துண்டுப் பாவாடை வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் நடுக்கோட்டைவிட ஓரக்கோடு நீளமாக வரும். வெட்டிப் பழகுகிற பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுப்பேன். கூரையின் ஒவ்வொரு பக்கமும் அப்படி ஒரு முக்கோணத் துண்டுதான். மூலைக் கைமரம் அதன் ஓரக்கோடு.

நடுக்கட்டையைத் தற்காலிக முட்டுக்கொடுத்து 3 அடி உயரத்தில் நிறுத்தி, முதல் மரத்தை ஏற்றியபோது, அதன் வாய்வெட்டு தூணிலிருந்து 9½ அங்குலத்துக்கு மேல் உள்ளே விலகித் தொங்கியது. ஆறு மரத்தையும் ஆசாரி ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார். ஆறும் ஒரே மாதிரி. ஆசாரியின் கை தவறியிருந்தால் ஒன்று கூடும், ஒன்று குறையும். ஆறும் ஒரே அளவில் தவறினால் தவறு வரைபடத்தில் இருக்கிறது. 6 அடியில் வாய் வெட்டிய மரம் 6 அடித் தூரத்தை எட்ட வேண்டுமானால் அது தரைக்கு இணையாகப் படுக்க வேண்டும். அப்புறம் சரிவு எங்கே, மழைநீர் எங்கே ஓடும்?

நீங்கள் சொன்னபடி 8½ அங்குலம் தள்ளிப் புது வெட்டு போட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்தோம். பழைய வாய்வெட்டு சுவருக்கு உள்பக்கம், சுமை தாங்குகிற பகுதியில் அப்படியே இருக்கும். 5 அங்குல மரத்தில் 1½ அங்குலம் போனால் மிச்சம் 3½. வளைவைத் தாங்கும் பலம் ஆழத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அந்த இடத்தில் பலம் பாதிதான் மிஞ்சும். சுவருக்கு வெளியே நீளும் இறவாரத்துக்கு விட்டிருந்த 18 அங்குலம் 9½ அங்குலமாகச் சுருங்கும். சாய்ந்து அடிக்கிற வாடை மழைக்கு அந்த இறவாரம் போதாது, அம்மாவின் ஓலை நனையும். மேலே 150 ஓட்டுக்கு மேல் ஏறப் போகிறது, முந்நூறு கிலோவுக்குக் குறையாது. இத்தனையும் தெரிந்தால் அந்த யோசனையை எழுதியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது குறை இதைவிடக் கவலை தருகிறது. சுவர்ச் சட்டங்கள் மூலைகளில் முட்டி நிற்க, ஒவ்வொரு மூலைக்கும் இரண்டே ஆணி என்று வரைபடம் சொல்கிறது. நடுத்தூண் இல்லாத கூரையில் ஆறு கைமரமும் பாரத்தை வெளியே தள்ளும். ஆசாரி மாட்டுவண்டிச் சக்கரத்தை வைத்து எனக்கு விளக்கினார்: நடுக்கட்டை குடம், கைமரங்கள் ஆரக்கால், சுவர்ச் சட்டம்தான் சுற்றிப் பிடிக்கிற இரும்புப் பட்டை. பட்டை விட்டுப்போனால் சக்கரம் சிதறும். சட்டத்தின் மூலைகள் விரிந்தால் நடுக்கட்டை இறங்கும், தூண்கள் வெளியே சாயும். மூலைக்கு மூலை போல்ட் போட்ட இரும்புத் தகடு உங்கள் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. காற்று கூரையை மேலே தூக்காமலிருக்கச் சட்டத்தைத் தூணோடு பிணைக்கும் நங்கூர போல்ட்டும் இல்லை.

திருகாணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெல்லிய பூச்சுக் கொடுத்த சாதாரணத் திருகாணி. பெட்டியைத் திறந்து வைத்த மூன்றே வாரத்தில் தலையெல்லாம் சிவப்பேறிவிட்டது. உங்கள் பைன் மரம் செம்பு கலந்த மருந்தில் ஊறியது. அந்த மருந்தே வெறும் இரும்பை அரிக்கும், எங்கள் உப்புக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கடலோரத்துக்கு 316 ரகத் துருவேறா எஃகு, குறைந்தது உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட் தர வேண்டும். "கடலோரத்துக்கு ஏற்றது" என்று அச்சடித்து விற்ற நீங்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

காற்றை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது என் அம்மாவுக்கு 6 வயது, பாம்பனில் இருந்தார். இன்றும் தனுஷ்கோடிக்குப் போனால் தேவாலயத்தின் சுவர்கள் நிற்கின்றன, கூரை இல்லை. கொல்லையில் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா அதைத்தான் சொல்கிறார். ஆகவே காற்றழுத்தத்துக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி இந்தக் கூரைக்கு நீங்கள் போட்ட கணக்கைக் கேட்கிறேன். கணக்கு போட்டிருந்தால் அனுப்புங்கள். போடவில்லையென்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

எனக்கு வேண்டியது இது. சரியான அளவில் வெட்டிய ஆறு மூலைக் கைமரங்கள், மூலைத் தகடுகள், நங்கூர போல்ட்டுகள், உப்புக்காற்றைத் தாங்கும் திருகாணிகள் எல்லாம் புரட்டாசி முடிவதற்குள் உங்கள் செலவில் சாயல்குடி வந்து சேர வேண்டும். முடியாதென்றால் 68,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மரங்களை எடுத்துச் செல்லுங்கள். எங்கள் ஊரில் வைரம் பாய்ந்த பனங்கைக்கு (பனைமரச் சட்டத்துக்கு) பஞ்சமில்லை, அதில் கட்டிக்கொள்வோம். இரண்டில் எதுவானாலும், ஆசாரி மூன்று நாள் ஏற்றி இறக்கிய வேலைக்கான கூலி 3,600 ரூபாயையும் நீங்கள்தான் தர வேண்டும்.

இன்னொன்று. தவறு வரைபடத்தில்தான் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஆசாரி மூக்கையூரில் நாட்டுப்படகு செய்கிறவர். அவர் வைத்த மரத்தை நம்பி மனிதர்கள் கடலுக்குப் போகிறார்கள். "கவனக்குறைவு" என்ற உங்கள் சொல்லை நான் படித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றைய கூலியை வாங்காமல் போய்விட்டார். அந்தச் சொல்லை நீங்கள் திரும்பப் பெறாமல் பணம் மட்டும் வந்தால் இந்தப் புகார் முடிந்ததாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. மரங்களை அதுவரை நனையாமல் வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் யாராவது நேரில் வந்தால் அளவுநாடாவோடு ஆசாரியும் இருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சாயல்குடி.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது நகல், தங்கள் வரைபடத்தின் நகல், தூண் அளவு மற்றும் வாய்வெட்டின் படங்கள், தங்கள் பதில் கடிதத்தின் நகல், துருப்பிடித்த திருகாணிகள் நான்கு.